பலவேசம் சித்தப்பா போட்ட முட்டுக்கட்டை

காற்றுமறிச்சானில் ஒரு வீட்டில் நல்லது நடந்தால் அந்த வீடு முன்னால் உருள ஆரம்பிக்கும். உடனே பங்காளி வந்து சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார். அதற்காகத்தான் பங்காளிகள் இருக்கிறார்கள்.

அந்த ஊரில் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. நாலு கல் சக்கரம் வைத்து அதன் மேல்தான் சுவர் எழுப்புவார்கள். சின்ன நல்லதுக்குச் சின்ன உருளல். கோழி அடைகாத்து முட்டை எல்லாம் பொரித்துவிட்டால் ஒரு சாண் நகரும். வேலை கிடைத்தாலோ கல்யாணம் நிச்சயமானாலோ வீடு தாவும். எதிர்வீட்டு அண்ணன் லாரி லைசென்ஸ் வாங்கிய அன்று அவர்கள் வீடு குறுக்கே வந்து இசக்கிப்ரியா வீட்டு ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. அன்று முதல் அவர்கள் பக்கத்து வீடு. தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதே இல்லை. தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கத்துவார், யாருடைய வீடு அருகில் இருக்கிறதோ அவர்கள் வாங்கி வைப்பார்கள்.

முட்டுக்கட்டையைத் தன் வீட்டுக்குத் தானே போட முடியாது. போட்டால் சக்கரம் அதன் மேல் ஏறிப் போய்விடும். பங்காளிதான் போட வேண்டும். அவரும் சும்மா போட்டால் பிடிக்காது, ஒரு காரணம் சொல்லிப் போட வேண்டும். "அந்த மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் கோவக்காரங்க", "பயலுக்கு இன்னும் பொறுப்பு வரலை" என்று ஏதாவது. காரணத்தில் உண்மை இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டை வழுக்கும். போட்டு முடித்ததும் அவருக்கு வீட்டில் காபி கொடுப்பார்கள். பங்காளியே இல்லாத குடும்பத்துக்கு ஊராட்சி ஒரு பங்காளியை ஒதுக்கும். ஒதுக்கப்பட்டவர் அடுத்த வாரத்துக்குள் ஏதாவது ஒரு வரப்புத் தகராறு செய்து உறவை உறுதிப்படுத்திக்கொள்வார்.

பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில் இருந்தது. அங்கே தமிழ் டீச்சர் ஒருமுறை 'முட்டுக்கட்டை' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் தடை, இடைஞ்சல், நாட்டின் முன்னேற்றம் என்று எழுதினார்கள். இசக்கிப்ரியா எழுதியது இது: 'சக்கரத்துக்கு முன்னால் வைக்கும் கட்டை. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு முட்டுக்கட்டை போட்டார், அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள்.'

"முட்டுக்கட்டை போடுறவருக்கு எதுக்குடி காபி?" என்று டீச்சர் கேட்டார்.

"குடிக்கத்தான் டீச்சர்."

டீச்சர் பாதி மார்க் போட்டார். இசக்கி மீதிப் பாதியைக் கேட்டுச் சண்டை போட்டாள். கிடைக்கவில்லை. அவள் சுபாவம் அது. கிடைக்காது என்று தெரிந்தாலும் கேட்டுவிடுவாள்.

பிளஸ் டூ முடிந்தது. ஒரு புதன்கிழமை காலையில், வடக்கே நாற்கரச் சாலைப் பக்கம் இருக்கிற ஒரு காலேஜில் ஜியாலஜி சீட் கிடைத்திருப்பதாகப் போனில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை உச்சிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் போனை வைப்பதற்குள் வீடு குலுங்கியது. அலமாரியில் இருந்த எவர்சில்வர் எல்லாம் மொத்தமாகக் கீழே வந்தன. மச்சில் காய்ந்துகொண்டிருந்த கூழ்வற்றல் தெருவில் கொட்டியது.

"அம்மா! கிடைச்சிட்டு!"

"தெரியுதுட்டி, அதான் தண்ணிக் குத்துப்போணி உருளுதே" என்று அடுக்களையிலிருந்து அம்மா வேலம்மாள் கத்தினாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுப்பில் இருந்த பால் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா மஸ்கட்டில் இருந்தார். அவருக்கு நடக்கிற நல்லதெல்லாம் அங்கேயே உருண்டுகொள்ளும். இங்கே வீட்டை உருட்டுகிற மாதிரி ஒன்று நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வீடு தெருவில் இறங்குவதற்குள் பலவேசம் சித்தப்பா கட்டையோடு வந்துவிட்டார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தெருக்கோடியில் மாவு மில் வைத்திருந்தார். புருவத்திலும் காது மயிரிலும் எப்போதும் மாவு இருக்கும். தும்மினால் புகை மாதிரி கிளம்பும்.

"பொம்பளப் பிள்ளை அம்புட்டுத் தூரம் தனியாப் போவணுமா?" என்று சொல்லிக் கட்டையை வைத்தார். கட்டை வழுக்கியது. வீட்டோடுதானே போகப்போகிறாள், அதில் தனியே எங்கே வந்தது?

அவர் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். "சரி, கல்லைப் படிச்சு இவ என்ன செய்யப் போறா?"

கட்டை கச்சென்று பிடித்தது. வீடு நின்றது. படித்துவிட்டு என்ன செய்யப்போகிறோம் என்று இசக்கிக்கே தெரியாது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"எப்ப எடுப்பீங்க சித்தப்பா?"

"ஆவணி பிறக்கட்டும்."

"வெள்ளிக்கிழமை போவணும்."

"வெள்ளிக்கிழமை யாராவது கட்டை எடுப்பாங்களா? மைனி, காபியில சீனி கொஞ்சம் தூக்கலாப் போடுங்க."

அம்மா போட்டுக் கொடுத்தாள். முறை என்றால் முறை.

வீடு நிற்க ஆள் மட்டும் பஸ் ஏறிப் போய்விடலாமே என்றால் அது நடக்காது. காற்றுமறிச்சானில் தன் வீட்டைத் தாண்டி யாரும் முன்னால் போக முடியாது. கடல் தாண்டிப் போன அப்பா மாதிரி ஆட்களுக்கும் கட்டையோடு ஓடுகிற பங்காளிக்கும் மட்டும் அந்த விதி கிடையாது. மேலத்தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் வீடு நிற்கும்போது பஸ் ஏறி மதுரையில் இறங்கினான். இறங்கின இடம் அவர்கள் வீட்டு அடுக்களை. அவன் அம்மா தட்டு வைத்தாள், சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். பள்ளிக்கூடம் ஊருக்குப் பின்னால் இருந்ததால் அதற்கு மட்டும் போய்வர முடிந்தது.

வியாழக்கிழமை முழுக்க இசக்கி மாவு மில்லில் போய் நின்றாள். சித்தப்பா மெஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சைகை காட்டினார். மெஷின் நின்ற பிறகும் அதே சைகையைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் கடப்பாரையை எடுத்தாள். கட்டையை நெம்பி வெளியே இழுத்தாள். திரும்ப யாரும் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அதைக் கோடரியால் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள். நல்ல காய்ந்த பூவரசு. சீக்கிரம் பிடித்தது. அவளும் அம்மாவும் அந்த வெந்நீரிலேயே குளித்துப் புதுத்துணி உடுத்தினார்கள்.

"கட்டையை எரிச்சவன் இந்த ஊர்ல கிடையாதுட்டி" என்றாள் அம்மா, தலையைத் துவட்டிக்கொண்டே.

"இப்ப இருக்கேன்ல."

வீடு கிளம்பியது. என்ன ஒரு கிளம்பல்! இரண்டு நாள் அடக்கிவைத்ததை எல்லாம் சேர்த்து உருண்டது. கொடியில் தொங்கிய துணி எல்லாம் பின்னால் பறந்தன. இசக்கி வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவே வெளியே வந்துவிட்டது. பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து ஒரு பாட்டில் ஊறுகாயை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "கோவில்பட்டி வழியாப் போனா எங்க மதினிட்ட குடுத்திரு" என்றாள். இசக்கிக்குத் தொண்டை வரைக்கும் சந்தோஷம். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினாள்.

அந்தத் தெரு நேராகக் குளத்தில் போய் முடியும். அதற்குக் கொஞ்சம் முன்னால் இடதுபக்கம் பஸ் ரோடு பிரியும்.

குளத்துக்குள் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. தங்கபுஷ்பம் அக்கா வீடு. பங்காளிகள் எல்லாரோடும் சண்டை, மகனுக்கு ரயில்வேயில் வேலை, வீடு நேராகப் போய் இறங்கிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறார்கள். தண்ணீர் ஜன்னல் வரைதான். மகன் தினமும் தண்டவாளப் பலகையில் துடுப்புப் போட்டு வேலைக்குக் கிளம்புவான், வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவான், சாயங்காலம் வீட்டுக்குள் போய்விடுவான். தண்ணீரில் இறங்கின வீடு மிதந்துகொண்டே இருக்கும், எங்கேயும் போகாது.

"ஏட்டி, வீடு நேரா போவுது" என்றாள் அம்மா.

"திரும்பும்."

"எப்படித் திரும்பும்?"

இசக்கி தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். உருளும் என்று தெரியும். திரும்புவதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. இதுவரை எந்த வீடு திரும்பியபோதும் அவள் மேலே அசைகிற ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, கீழே சக்கரத்துப் பக்கம் யார் குனிந்து என்ன செய்தார்கள் என்று பார்த்ததில்லை. இருவரும் இடதுபக்கச் சுவரில் போய்ச் சாய்ந்து நின்றார்கள். பீரோவையும் அந்தப் பக்கம் தள்ளினார்கள். வீடு நேராகவே போனது. இசக்கி அம்மிக்கல்லைத் தூக்கி இடது சக்கரத்துக்கு முன்னால் போட்டாள். சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது. சொந்தக் கை போட்ட கல்.

தெருக்கோடியில் மாவு மில் வாசலில் பலவேசம் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வீடு அவரைத் தாண்டியபோது அவரும் கூடவே நடக்க ஆரம்பித்தார். குளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"வெந்நீர் நல்லா சுட்டுதா?"

"நல்லா சுட்டுது."

"சுடும். அது நல்ல கட்டை."

"சித்தப்பா, வீடு திரும்பணும். கட்டை போடுங்க."

"எந்தக் கட்டை? எரிச்ச கட்டையா?"

"ஏதாவது ஒரு கட்டை."

"முறையாக் கூப்பிடு. வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடு. நான் என்ன தெருவுல போறவனா?"

வீட்டில் வெற்றிலை இல்லை. அம்மா ஒரு தட்டில் மஞ்சள் கிழங்கையும் ஊறுகாய் பாட்டிலையும் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். சித்தப்பா வாங்கவில்லை. குளத்தங்கரை தெரிந்தது. தங்கபுஷ்பம் அக்கா தன் ஜன்னலைத் திறந்து பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

இசக்கி வாசற்படியில் உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "கட்டையை எடுத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன் சித்தப்பா. இன்னைக்குப் போவணும், எடுத்தேன். எரிச்சதுதான் தப்பு. அதுல பிடிவாதம் பிடிக்க மாட்டேன். எங்க வீட்டுக்கு உங்களை விட்டா வேற முட்டுக்கட்டை கிடையாது. வந்து போடுங்க."

சித்தப்பா ஊறுகாய் பாட்டிலைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் சொருகிக்கொண்டார். மில்லுக்குத் திரும்பி ஓடினார். மிளகாய் அரைக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவள் வாளியோடு எழுந்து, "சீக்கிரம் வாரும், வத்தல் நமுத்துரும்" என்றாள். சித்தப்பா பெஞ்சைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, இடது சக்கரத்துக்கு முன்னால் கோணலாகச் செருகினார்.

"இவ ஒருத்தர் பேச்சும் கேக்க மாட்டா!"

அவ்வளவு உறுதியாக ஒரு கட்டை எப்போதும் பிடித்ததில்லை. இடது சக்கரம் நின்றது, வலது சக்கரம் உருண்டது. வீடு முனகிக்கொண்டே இடப்பக்கம் திரும்பியது. சுவரில் தொங்கிய காலண்டர் ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் வந்து நின்றது. பின்சக்கரம் ஒன்று குளத்துத் தண்ணீரைத் தொட்டுவிட்டு மேலே ஏறியது. சித்தப்பா பெஞ்சை உருவிக்கொண்டு முன்னால் ஓடினார். பஸ் ரோட்டில் அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது.

"காலையில எந்திரிக்க மாட்டா!" பெஞ்சு பிடித்தது. வீடு திரும்பியது.

"இங்கிலீஷ்ல பேசச் சொன்னா முழிப்பா!" திரும்பியது.

"காசு குடுத்தா மிச்சம் தர மாட்டா! நாலு தடவ தவிடு வாங்க விட்டேன்!" திரும்பியது.

பஸ்கள் ஒதுங்கி வழி விட்டன. ஒரு டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "எந்த ஊர் வீடு?" என்று கேட்டார். "காற்றுமறிச்சான்!" என்று இசக்கி கத்தினாள். "அப்ப வளைவுல ஹாரன் அடிச்சு வாங்க" என்றார். வீட்டில் ஹாரன் இல்லை. அம்மா ஒவ்வொரு வளைவிலும் குத்துப்போணியைக் கரண்டியால் தட்டினாள். இசக்கிக்கு உடம்பெல்லாம் துள்ளியது. ஜன்னலில் ஓடுகிற பனைமரங்களைப் பார்த்தாள், சக்கரத்தில் தெறிக்கிற சரளைக்கல்லைப் பார்த்தாள். கறுப்பு, சிவப்பு, வெள்ளைக் கோடு போட்டது. இதையெல்லாம் படிக்கப்போகிறோம் என்று நினைத்தபோது வீடு இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்தது.

"சும்மா இருட்டி! சந்தோஷப்படாத!" என்று முன்னால் ஓடிக்கொண்டிருந்த சித்தப்பா கத்தினார். "நான் ஓட வேண்டாமா?"

போகப்போக அவரிடம் காரணங்கள் தீர்ந்துவிட்டன. சொன்னதையே திருப்பிச் சொன்னால் பெஞ்சு பிடிக்காது. வேர்வையில் அவர் முகத்து மாவு எல்லாம் குழைந்து பிசைந்த மாதிரி ஆகிவிட்டது.

"வேற என்னட்டி இருக்கு? சீக்கிரம் சொல்லு, பாலம் வருது!"

"எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது சித்தப்பா!"

"இவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாது!" திரும்பியது.

"அடுத்து?"

"கணக்குல ஜஸ்ட் பாஸ்!"

"இவ கணக்குல ஜஸ்ட் பாஸ்!" திரும்பியது.

"எங்கிட்ட எழுபதுன்னு சொன்ன?" என்றாள் அம்மா.

"பொறவு பேசுவோம்மா, வளைவு வருது."

கோவில்பட்டியை வீடு நிற்காமலே தாண்டியது. ஊறுகாய் சித்தப்பா மடியிலேயே இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இனி ஒரே ஒரு திருப்பம்தான். நாற்கரச் சாலையிலிருந்து காலேஜுக்குப் பிரிகிற ரோடு. அதை விட்டால் வீடு நேராக வடக்கே போய்க்கொண்டே இருக்கும். தூரத்தில் காலேஜ் வாட்ச்மேன் பெரிய கேட்டின் ஒரு கதவைச் சாத்துவது தெரிந்தது.

சித்தப்பா பெஞ்சை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயோடு நெற்றியைச் சொறிந்தார்.

"சொல்லுங்க சித்தப்பா!"

"ஒண்ணும் இல்லட்டி. யோசிச்சுப் பாத்துட்டேன். நல்ல பிள்ளைதான நீ."

பெஞ்சு வழுக்கியது. சக்கரம் அதன் நுனியில் ஏற ஆரம்பித்தது.

"அப்படிச் சொல்லாதீங்க! நேரா போயிரும்!"

"அப்பம் நீ சொல்லு. எனக்கு ஓடலை."

இசக்கி யோசித்தாள். திமிர், சோம்பேறித்தனம், எல்லாம் சொல்லியாயிற்று. பெஞ்சின் ஒரு கால் முறிந்தது. உண்மையாக இருக்க வேண்டும், இதுவரை சொல்லாததாக இருக்க வேண்டும். அவளிடம் ஒன்று இருந்தது. புதன்கிழமை போன் வந்த நிமிஷத்திலிருந்து இருந்தது.

"போனா நான் திரும்பி வர மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

அம்மா குத்துப்போணியைத் தட்டுவதை நிறுத்தினாள்.

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா?"

"சொல்லுங்க சித்தப்பா."

அவர் குனிந்து இரண்டு கையாலும் பெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை கத்தவில்லை. "இவ போனா திரும்பி வர மாட்டா" என்று சக்கரத்திடம் சொன்னார்.

பெஞ்சு அசையவில்லை. வீடு சத்தமே இல்லாமல், கல்லில் தோசையைத் திருப்பிப் போடுகிற மாதிரி அழகாகத் திரும்பியது. கேட்டின் இன்னொரு கதவு பாதி சாத்தியிருந்தபோது வாசற்படி உள்ளே நுழைந்துவிட்டது. சித்தப்பா முன்னால் ஓடிப் பெஞ்சை முன்சக்கரம் இரண்டுக்கும் பொதுவாக நேராகப் போட்டார். அதற்குக் காரணம் ஒன்றும் தேவைப்படவில்லை, வீட்டுக்கே மூச்சு வாங்கியது.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து முகத்து மாவை நகத்தால் உரித்துக்கொண்டே, "சீனி கொஞ்சம் தூக்கலா" என்றார். குரல் கம்மியிருந்தது. ஓடி வந்தது அப்படி. அம்மா தானும் ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டு அவருக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் இசக்கியைப் பார்க்காமல் குடித்தார்கள்.

மேசை போட்டு உட்கார்ந்திருந்த மேடம் இசக்கியின் பெயரைக் கேட்டு டிக் அடித்தார். "சேர்ந்தாச்சு. முதல் வருஷம் இங்கேதான். இரண்டாம் வருஷக் கட்டடம் இப்போ சாத்தூர்கிட்ட போயிட்டிருக்கு. மூணாம் வருஷம் மதுரையைத் தாண்டிட்டதா நேத்து போன் வந்துச்சு. நீ படிச்சு முடிக்கிறப்போ அது எங்க இருக்கும்னு இப்போ சொல்ல முடியாது."

"சரி மேடம். ஹாஸ்டல்?"

மேடம் பேனாவால் ரோட்டைக் காட்டினார். "பின்னாடி வந்துட்டிருக்கு. நிக்காது. ஓடி ஏறிக்கணும். ஏறிட்டா இனி அதுதான் உன் வீடு."

இசக்கி திரும்பிப் பார்த்தாள். நாற்கரச் சாலையில் மூன்று மாடி ஹாஸ்டல் வந்துகொண்டிருந்தது. மொட்டைமாடியில் பிள்ளைகள் தலை காயவைத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்து வராண்டாவில் ஒருத்தி ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இசக்கி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள், ஓட ஆரம்பித்தாள்.